சாப்பாட்டுக் கடைச் சங்கம்: 2021ஆம் ஆண்டுச் செயலாளர் அறிக்கை

தலைவர் அவர்களுக்கும், அங்கத்தவர்களுக்கும், பின்வாங்கில் இருந்துகொண்டு "சுருக்கமாய் வாசி" என்று ஏற்கெனவே சத்தம் போட்டுவிட்ட பொருளாளர் அண்ணைக்கும் வணக்கம்.

போன வருட அறிக்கையின் கடைசி வசனம், "2021 இல் நிலைமை வழமைக்குத் திரும்பும் என எதிர்பார்க்கிறோம்" என்பது. எழுதியது நான்தான். கொப்பியில் இன்னும் அப்படியே கிடக்கிறது. இந்தமுறை சாத்திரம் சொல்லவில்லை, நடந்ததை மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன்.

வருடத் தொடக்கம் பரவாயில்லை. கொரோனாக் கட்டுப்பாட்டால் அரைவாசிக் கதிரையோடு என்றாலும் கடை ஓடியது. மார்ச் கடைசியில் யாழ் நகரின் நடுப்பகுதியைப் பூட்டினார்கள், அந்தப் பயம் எங்கள் பக்கமும் வந்தது. சித்திரை வருடப் பிறப்புக்குப் பிறகு மூன்றாவது அலை. மே 21 தொடக்கம் ஜூன் 21 வரை பயணத்தடை. திறந்த கையோடு ஜூன் 23 இரவு மறுபடி பூட்டி, 25 காலை திறந்தார்கள். அந்த இரண்டு நாளுக்கு நம்பி வாங்கிய இறைச்சியை என்ன செய்தோம் என்று கேட்காதீர்கள். பிறகு ஆகஸ்ட் 20 இரவு 10 மணிக்குத் தொடங்கிய தனிமைப்படுத்தல் ஊரடங்கு, இன்னும் ஒரு கிழமை, இன்னும் ஒரு கிழமை என்று இழுபட்டு அக்டோபர் 1 அதிகாலையில்தான் முடிந்தது. பெரிய பூட்டு இரண்டையும் கூட்டினால் கிட்டத்தட்ட இரண்டரை மாதம். நல்லூர்க் கந்தன் திருவிழாவுக்கு ஆகஸ்ட் 13 கொடி ஏறியது. அந்த 25 நாள் உழைப்பில்தான் எங்களில் பலருக்கு வருடக் கடனே அடையும். ஒரு கிழமை முடியவே ஊரடங்கு. 2020 இலும் அந்தச் சீசன் சரியாக இல்லை, ஆக இரண்டு வருடம் போய்விட்டது.

சரி, இனிச் சங்கம் செய்த வேலைக்கு வருகிறேன். இந்த வருடம் நாங்கள் செய்ததில் சொல்லிக்கொள்ளக்கூடியது ஒன்றே ஒன்றுதான்: கடையைப் பூட்ட வருகிற ஆளை, கடையைத் திறக்க முதல் வரச் செய்தோம்.

அதற்குக் காரணமான சம்பவம் ஏப்ரலில் நடந்தது. எங்கள் அங்கத்தவர் ஒருவரின் கடையில் சாப்பிட்டுப் போனவருக்குத் தொற்று என்று தெரியவந்ததும், ஒரு அதிகாரி வந்து வாசலில் நின்றபடியே "பதினாலு நாள் பூட்டுங்கோ" என்று சொல்லிவிட்டுப் போனார். கடிதம் இல்லை. எந்த நாளில் இருந்து எண்ணுவது என்றும் இல்லை. பத்தாம் நாள் வேறொருவர் வந்து "ஏன் இன்னும் பூட்டிக் கிடக்கு?" என்று கேட்டாராம். பூட்டியதில் எங்களுக்கு வழக்கில்லை. 2020 அக்டோபர் 15 வர்த்தமானிக்குப் பிறகு முகக்கவசம், ஒரு மீற்றர் இடைவெளி, வருகிறவரின் விபரம் பதிவது எல்லாம் சட்டமாயிற்று. மீறினால் பத்தாயிரம் ரூபா வரை தண்டம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, இரண்டும் சேர்ந்தும் கிடைக்கலாம் என்றிருந்தது. மூலச் சட்டம் 1897 ஆம் ஆண்டுத் தனிமைப்படுத்தல், நோய்த்தடுப்புக் கட்டளைச் சட்டம், வெள்ளைக்காரன் காலத்தது. அதெல்லாம் சரி. ஆனால் என் கடையில் எத்தனை கதிரை போடலாம், எங்கே போடக்கூடாது என்று யாராவது முதலே வந்து காட்டினால்தானே நான் மீறினேனா இல்லையா என்று எனக்கே தெரியும்.

இதைத்தான் ஜூலை முதல் கிழமை நாலு பேராகப் போய் எங்கள் உள்ளூராட்சிச் சபையில் சொன்னோம். தவிசாளர் ஐயா ஒரு மணித்தியாலம் இருந்து கேட்டார். நாங்கள் கேட்டது மூன்று விடயம்: உள்ளே இருத்திச் சாப்பாடு கொடுக்கத் தொடங்க முதல் ஒவ்வொரு கடையையும் வந்து பார்க்க வேண்டும், பார்த்ததை ஒரு தாளில் எழுதிக் கையொப்பம் வைத்துத் தரவேண்டும், உரிமக் கட்டணத்தைத் தவணையில் வாங்க வேண்டும். மூன்றாவதில்தான் இழுபறி வரும் என்று நினைத்துப் போனோம். அதற்கு உடனே தலையாட்டினார்கள், தாளில் எழுதித் தருவதற்குத்தான் மூன்று முறை போக வேண்டி வந்தது.

பி.எச்.ஐ. தம்பியைப் பற்றி, அதாவது பொதுச் சுகாதாரப் பரிசோதகரைப் பற்றி, இங்கே சொல்லத்தான் வேண்டும். பெயர் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். முதல் நாள் என்னுடைய கடைக்குத்தான் வந்தார். கையில் அளவு நாடா இல்லை, சரியாக ஒரு மீற்றருக்கு வெட்டிய பி.வி.சி. குழாய் ஒன்று. அதைத் தரையில் வைத்து வைத்து வெண்கட்டியால் கோடு கீறினார். எனக்கு இருபத்தெட்டுக் கதிரை. அவர் கீறி முடிய மிஞ்சியது பதினொன்று. நான் பதினாலு கிடைக்கும் என்று கணக்குப் போட்டிருந்தேன். காசு லாச்சியை ஒரு முழம் பின்னுக்குத் தள்ளினால் பன்னிரண்டாவது வரும் என்று அவரே காட்டித் தந்தார்.

பிறகு குசினிப் பக்கம் போய்ப் பார்த்துவிட்டு, "அந்த யன்னல் ஏன் ஆணி அடிச்சிருக்கு?" என்றார். பூனை வருகிறது என்று அப்பா காலத்தில் அடித்தது. அப்போதுதான் சீனாவின் குவாங்சோ நகரத்துச் சாப்பாட்டுக் கடைக் கதையைச் சொன்னார். 2020 ஜனவரி 24, மத்தியானச் சாப்பாடு. யன்னல் இல்லாத மண்டபம், ஏ.சி. போட்டிருக்கிறது, அடுத்தடுத்த மூன்று மேசையில் மூன்று குடும்பம். ஒருவருக்கு இருந்த தொற்று, அந்த மூன்று குடும்பத்திலும் பத்துப் பேரில் போய் நின்றது. அதே மண்டபத்தில் தூர இருந்த மற்றவர்களுக்கு ஒன்றுமில்லை. காற்று அந்த மூன்று மேசையைத்தான் சுற்றிச் சுற்றி வந்ததாம். "அண்ணை, நீங்கள் கை கழுவ பீப்பாய் வைக்கிறது நல்லம். ஆனா சாப்பிடேக்க ஒருத்தரும் மாஸ்க் போட ஏலாது. காத்து வெளியில போனால்தான் கடை தப்பும்." அவர் போனதும் ஆணியைக் கழற்றினேன். இப்போது கொத்துத் தட்டுகிற சத்தம் பின் ஒழுங்கை முழுக்கக் கேட்கிறது, ஒரு சதம் செலவில்லாத விளம்பரம். பூனையும் வருகிறது.

இப்படி எல்லாக் கடைக்கும் போனார். சில கடைக்கு இரண்டாம் தரமும் போனார். அந்தத் தாளைக் கண்ணாடிச் சட்டம் போட்டு வாசலில் கொழுவியவர்களும் உண்டு. அதற்குப் பிறகு வந்த சோதனைகளில் எங்கள் அங்கத்தவர் எவரும் வாசலில் நின்று வாதாடவில்லை. தாளைக் காட்டினார்கள், கதிரையை எண்ணினார்கள், போனார்கள்.

பதிவுக் கொப்பி விடயத்தில் மட்டும் நாங்கள் தோற்றோம். ஒரு நாள் இரவு என்னுடைய கொப்பியைத் திருப்பிப் பார்த்தால் அன்றைக்கு மூன்று ரஜினிகாந்தும் ஒரு எம்.ஜி.ஆரும் பிளேன்டீ குடித்திருக்கிறார்கள். தொலைபேசி இலக்கம் எல்லாம் பத்துக்குப் பதிலாக ஒன்பது தானம். உண்மையில் தொற்று வந்திருந்தால் யாரைத் தேடுவது? பிறகு பெடியன் ஒருவனை வாசலில் நிறுத்தி, இலக்கம் எழுதியதும் ஒரு மிஸ்ட் கோல் அடித்துப் பார்க்கச் சொன்னோம். சனத்துக்குக் கோபம்தான், ஆனால் எம்.ஜி.ஆர். வருவது நின்றது.

அடுத்தது தெருவில் மேசை போட்ட கதை. எங்கள் உபதலைவரின் தம்பி கனடாவில், ஸ்காபரோவில் கொத்துக் கடை வைத்திருக்கிறார். ரொறன்ரோவில் 2020 ஜூன் 24 தான் வெளியே இருத்திப் பரிமாற விட்டார்கள், உள்ளே இருத்த ஜூலை 31 வரை பொறுக்க வேண்டியிருந்தது. அந்த யூலையில் மாநகர சபையே தெருவோர வாகன நிரலை மறித்து, கட்டணம் வாங்காமல் கடைக்காரருக்கு மேசை போடக் கொடுத்தது. கஃபேடிஓ என்று அந்தத் திட்டத்துக்குப் பெயர். தம்பி அனுப்பிய படங்களை உபதலைவர் வைபரில் போட, எங்கள் ஆட்களுக்குப் பொறி தட்டிவிட்டது.

சபையில் இதைச் சொன்னபோது வருமானப் பகுதி உத்தியோகத்தர் சிரித்தே விட்டார். நடைபாதையில் தட்டு வைத்ததற்கு எங்களுக்கே எத்தனை தரம் கடிதம் அனுப்பியிருப்பார், இப்போது நாங்கள் மேசை போட அனுமதி கேட்கிறோம். கடைசியில், வாய்க்காலுக்கு மேல் மூடி இருக்கிற கடைக்கு மட்டும், பின்னேரம் ஐந்தரைக்குப் பிறகு, ஓட்டோ தரிப்பிடத்தைத் தொடாமல் என்று மூன்று மாதத்துக்குச் சம்மதித்தார்கள். எட்டுக் கடை போட்டது. உண்மையைச் சொல்ல வேண்டும், அது பாதி வெற்றிதான். ரொறன்ரோவில் பனிக்கு மேசையை உள்ளே எடுக்கிறார்கள், இங்கே வெயிலுக்கும் புழுதிக்கும் எடுக்க வேண்டும். பஸ் ஒன்று போனால் தோசையில் செம்மண். குடும்பமாக வருகிறவர்கள் தெருவில் இருந்து சாப்பிட வெட்கப்பட்டார்கள். இளம் பெடியள் மட்டும் இரவு பூட்டும் வரை எழும்பவில்லை. ஆகஸ்டில் ஊரடங்கு வந்து அந்த மூன்று மாதமும் அரைகுறையில் முடிந்தது. அடுத்த வருடமும் கேட்பதா என்று இன்றைக்குத் தீர்மானிக்க வேண்டும். என்னுடைய கருத்து, கேட்கலாம், ஆனால் வாய்க்கால் நாறாத இடத்துக்கு மட்டும்.

குடிக்கிற இடங்களைப் பற்றியும் சிலர் கேட்டீர்கள். எங்கள் சங்கத்தில் உணவகத்தோடு சேர்ந்த பார் ஒன்றுதான். சாப்பாட்டுக் கடைக்கு உரிமம் தருவது சபை, மதுவுக்கு உரிமம் தருவது மதுவரித் திணைக்களம். மது உரிமம் காட்டிய கட்டிடத்துக்குள்தான் செல்லும். அதனால் சபை என்ன மனம் வைத்தாலும் பார் மேசையை முற்றத்து ஜம்பு மரத்தடிக்குக் கொண்டுபோக வழியில்லை. சாப்பிட மட்டும் வருகிறவர்களை மரத்தடிக்கு அனுப்பி, உள்ளே ஏ.சி.யை நிற்பாட்டி, கதவு இரண்டையும் திறந்து வைத்தார்கள். வியர்க்க வியர்க்கக் குடிக்க ஆளில்லாமல் இரண்டு கிழமை ஈயோட்டினார்கள், பிறகு சனம் பழகிவிட்டது.

செப்டெம்பர் 17 ஐ மறந்திருக்க மாட்டீர்கள். ஊரடங்கு நடக்கிறது, எங்கள் கடைகளில் கதிரை எல்லாம் தலைகீழாக மேசையில், ஆனால் நாடு முழுக்கச் சாராயக் கடை திறந்தாயிற்று, வரிசை சந்தி வரைக்கும். அன்று இரவு எங்கள் வைபர் குழுவில் நடந்த சண்டையில் இரண்டு பேர் விலகிப் போனார்கள். ஒருவர் திரும்பிவிட்டார், மற்றவரைத் தலைவர் நேரில் போய்க் கூட்டிவர வேண்டும். அந்த முடிவு சபை எடுத்ததும் அல்ல, எங்கள் பார்க்காரர் எடுத்ததும் அல்ல. அவரைப் பேசியது பிழை என்று நான் அன்றைக்கே எழுதினேன், இன்றைக்கும் அதையே சொல்கிறேன்.

தவறணைக்காரர், அதாவது கள்ளுக்கடைக்காரர், எங்கள் அங்கத்தவர் இல்லை, கூட்டுறவுச் சங்கத்துக்குக் கீழே வருகிறவர்கள். ஆனாலும் யூலையில் அவர்கள் திறக்கும்போது பி.எச்.ஐ. தம்பி எங்களையும் கூட்டிக்கொண்டு போனார். கள்ளுக்காரரின் நெருக்கடி எங்களைவிடப் பெரியது. நாங்கள் அரிசியை மூட்டையில் வைத்திருக்கலாம், காலையில் இறக்கிய பனங்கள் பின்னேரம் புளித்துவிடும். பூட்டின நாட்களில் சிலர் முட்டிக்குச் சுண்ணாம்பு பூசிக் கருப்பநீர் இறக்கிப் பனங்கட்டி காய்ச்சினார்கள், விறகுக் காசுக்கே சரி. தவறணையில் பிரச்சினை பேணி. ஒரு பேணி நாலு வாய்க்குப் போகும். பிளாஸ்டிக் கோப்பை என்றால் அடுத்தநாள் வேலியோரம் முழுக்கக் குப்பை, அதை அள்ளவும் சபைதான் வரவேண்டும். அங்கே நின்ற வயதான சீவல் தொழிலாளி ஒருவர், "ஏன் மோனை, பிளா இருக்குத்தானே" என்றார். ஒரு ஓலையை இழுத்து மடித்து, இரண்டு நுனியையும் சேர்த்துக் கட்டினார், நான் எண்ணி முடிக்க முதல் பிளா கையில். ஒருவர் குடித்தால் எறிய வேண்டியதுதான், ஆடு தின்னும். அந்தக் கிழமையில் இருந்து அங்கே பிளாவில்தான் கள். நானும் ஒன்று குடித்துப் பார்த்தேன், அறிக்கைக்காக.

தடுப்பூசி: யாழ் மாவட்டத்தில் மே 30 இல் சினோபார்ம் தொடங்கியது. எங்கள் கடைகளில் வேலை செய்கிறவர்களில் வெளியூர்ப் பெடியளின் பெயர் ஒரு கிராம அலுவலர் பட்டியலிலும் இல்லை. அவர்களைத் தனிப் பட்டியலாக எழுதிச் சபை மூலம் கொடுத்தோம், இரண்டு ஊசியும் போட்டாயிற்று. அட்டையைக் கடையில் வைத்திருங்கள்.

காசு விபரம் பொருளாளர் வாசிப்பார். உரிமக் கட்டணத்தை மூன்று தவணையில், தண்டம் இல்லாமல் வாங்கினார்கள். சபைக் கடைகளில் இருக்கிறவர்களின் வாடகை பாக்கியும் அப்படித்தான். குறைக்கச் சொல்லியும் கேட்டோம், மறுத்துவிட்டார்கள். ஆனால் அக்டோபரில் திறந்து பத்து நாளில் 12.5 கிலோ சமையல் காஸ் 1,493 ரூபாவில் இருந்து 2,750 ஆகி, பிறகு 75 ரூபா குறைந்தது. 400 கிராம் பால்மா 380 இல் இருந்து 480, டிசம்பர் கடைசியில் 540. காஸ் இருந்தால் பால்மா இல்லை, பால்மா இருந்தால் காஸ் இல்லை. நோய்க்குச் சபையிடம் போய்க் கதைத்தோம். இதற்கு யாரிடம் போவது என்று நிர்வாகக் குழுவில் இரண்டு கூட்டம் வைத்தும் முடிவில்லை. தேத்தண்ணி விலையை எல்லோரும் ஒரே அளவாக வைக்கும் யோசனை இன்றைய நிகழ்ச்சி நிரலில் ஐந்தாவதாக இருக்கிறது. அதில் சண்டை வரும், தேத்தண்ணியை அதற்கு முதல் குடித்துவிடுங்கள்.

ஆண்டில் நான்கு நிர்வாகக் கூட்டம் நேரில், மிச்சம் எல்லாம் தொலைபேசியில். நன்றி சொல்ல வேண்டியவர்கள்: தவிசாளர், பி.எச்.ஐ. தம்பி, சபையின் சுகாதாரத் தொழிலாளர்கள். அவர்கள் ஊரடங்கு நாளிலும் எங்கள் குப்பையை எடுத்தார்கள், நாங்களோ அவர்களுக்கு ஒரு நாள் சாப்பாட்டுப் பாசல் கொடுத்ததோடு சரி.

கடைசியாக, கை கழுவ என்று சபை இரவல் தந்த நீலப் பீப்பாய்களில் மூன்று இன்னும் திரும்பி வரவில்லை. ஒன்றில் யாரோ மீன் ஊறவைத்திருப்பதாகக் கேள்வி. யாரிடம் இருந்தாலும் வருகிற வெள்ளிக்கு முதல் கழுவிக் கொண்டுவந்து என் கடை வாசலில் வைத்துவிடுங்கள், பெயர் கேட்க மாட்டேன்.

செயலாளர்