உன் மருமகளைப் பற்றி

மேற்கு மாம்பலம்,
மே 12

அன்புள்ள கமலா,

உன் கடிதம் வந்தது. பேரன் நடக்க ஆரம்பித்துவிட்டான் என்று படித்ததும் அத்தனை சந்தோஷம். இங்கே எல்லோரும் சௌக்கியம். கத்திரி வெயிலில் மொட்டை மாடி டேங்க் தண்ணீர் காலை எட்டு மணிக்கே கொதிக்கிறது.

மருமகளைப் பற்றி நீ எழுதிய நாலு வரியைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன். மேடவாக்கத்தில் நீ தங்கியிருந்த மாதம் முழுக்க அவள் காலையில் எழுந்திருக்கவே இல்லை, அசதி, மூட்டு வலி என்கிறாள், ரத்தப் பரிசோதனையில் ஒன்றுமில்லை, சாயந்திரமானால் சிரித்துப் பேசுகிறாள் என்று வருத்தப்பட்டிருந்தாய். கமலா, எனக்கு லூபஸ் என்று ஒரு டாக்டர் கண்டுபிடிப்பதற்கு முன்னால், மூன்று வருஷம் எங்கள் வீட்டில் என்னைப் பற்றியும் இதையேதான் பேசினார்கள்.

காலையில் விரல்கள் மடங்காது. ஆவின் பாக்கெட்டை வெட்டலாம் என்றால் கத்தரிக்கோல் வளையத்துக்குள் விரல் போகாது. பல்லால் கடித்துக் கிழிப்பேன். காபிப் பொடி டப்பாவைப் புடவைத் தலைப்பால் சுற்றிப் பிடித்து, இரண்டு உள்ளங்கையாலும் திருகுவேன். பத்து மணிக்கு மேல்தான் மெல்ல இளகும். சாயந்திரம் வருகிறவர்கள் பார்ப்பது அந்த இளகிய கையை. "பார்த்தா நல்லாத்தானே இருக்கே" என்பார்கள். ஆறுதலாகத்தான் சொல்வார்கள்; எனக்கோ, பொய் சொல்கிறாய் என்பது போலக் கேட்கும்.

உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே உடம்பைத் தாக்குவதுதான் லூபஸ். வந்தவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் பெண்கள், பெரும்பாலும் பிள்ளை பெறும் வயதில். அதனாலேயே, கைக்குழந்தைக்காரிக்குத் தூக்கமில்லை, அவ்வளவுதான் என்று தள்ளிக்கொண்டே போகிறது. வெயில் பட்டால் பலருக்கு இன்னும் கூடும். உலக லூபஸ் தினம் மே 10. நம் ஊரில் அக்னி நட்சத்திரத்துக்கு நடுவில் வருகிறது.

2020 மார்ச்சில் ஹைட்ராக்ஸிகுளோரோகுயினை கொரோனாவுக்கு என்று எல்லோரும் தேடினார்களே, அது நான் தினமும் போடும் மாத்திரை. கடைகளில் இல்லை. ஊரடங்கில் என் வீட்டுக்காரர் ஏழு கடை ஏறி இறங்கி ஒரே ஒரு அட்டையோடு வந்தார். அதற்கு முன் "எல்லாம் மனசுதான்" என்று சொன்னவர் அவர். என்னை நம்புகிறார் என்று எனக்குத் தெரிந்தது அன்றைக்குத்தான்.

மாற்றுத்திறனாளிகளுக்கான 2016 சட்டத்தில் 21 வகைகள் இருக்கின்றன, லூபஸின் பெயர் அதில் இல்லை. ரயிலில் உட்கார இடம் கேட்கக்கூட என்னிடம் காட்ட ஒரு அட்டை கிடையாது. வீட்டு மனிதர்களாவது எங்கள் வாய்ச்சொல்லை நம்ப வேண்டும், கமலா.

அவளுக்கும் இதேதான் என்று நான் சொல்லவில்லை. தைராய்டாக, ரத்தசோகையாக, பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வாக இருக்கலாம். ஆனால் லூபஸ் சந்தேகம் வந்தால் முதலில் பார்க்கும் ஏஎன்ஏ பரிசோதனை வழக்கமான ரத்தப் பரிசோதனையில் சேராது, தனியாக எழுதித் தந்தால்தான் எடுப்பார்கள். சென்ட்ரல் எதிரே அரசுப் பொது மருத்துவமனையில் மூட்டு வாத நோய்களுக்கென்றே தனித் துறை இருக்கிறது. அவள் சம்மதித்தால் நானே கூட்டிப் போகிறேன். குழந்தையை என் வீட்டில் விட்டுவிட்டு வரட்டும்.

அப்புறம், அடுத்த முறை போனில் "எழுந்துட்டியா" என்று ஆரம்பிக்காதே. காலையில் கை எப்படி இருந்தது என்று கேள். அவள் சொல்வதை எனக்கு அப்படியே எழுது.

அன்புடன்,
சாந்தா