இந்தத் தடவை இங்கே வராதே, பாப்பா

பாப்பா,

நேற்று ராத்திரி போனில் நீ கேட்டதும் எனக்குப் பதில் வரவில்லை. "ரெண்டாவது பிரசவத்துக்கு நார்மல், ஆபரேஷன் ரெண்டுமே முடியும்னு டாக்டர் சொல்றாங்க, யோசிச்சு முடிவு பண்ணுங்கன்னு சொல்றாங்க, நான் என்னம்மா செய்யட்டும்?" முப்பத்தோரு வருஷம் இந்தக் கரையோர ஊர்களில் நர்ஸம்மாவாகச் சுற்றியவள், வீடு வீடாகப் போய் யார் யார் வீட்டுப் பெண்களுக்கெல்லாமோ புத்தி சொன்னவள், பெற்ற மகளிடம் "அடுப்புல பால் இருக்கு" என்று பொய் சொல்லிப் போனை வைத்தேன். அதனால்தான் எழுதுகிறேன். பேசினால் நானும் அழுவேன், நீயும் அழுவாய், விஷயம் பாதியில் நிற்கும்.

முதலில் 2022 வைகாசியைப் பேசிவிடுகிறேன். மூன்று வருஷமாக நாம் இரண்டு பேரும் அதைத் தொடாமலே பேசிப் பழகிவிட்டோம். தடைக்காலம், அப்பா கடலுக்குப் போகாமல் வீட்டில் இருந்தார். நடுராத்திரி உனக்கு வலி எடுத்தது. தலைப்பிரசவம், நேரம் எடுக்கும், ஆஸ்பத்திரிக்குச் சீக்கிரம் போனால் ஆபரேஷன் பண்ணிவிடுவார்கள் என்று நான்தான் சொன்னேன். அது ஓரளவுக்கு உண்மையும்கூட. ஆனால் விடிந்த பிறகும், வெயில் ஏறிய பிறகும், நீ சுவரைப் பிடித்துக்கொண்டு நின்ற பிறகும் உன்னை வீட்டிலேயே வைத்திருந்தேனே, அது நர்ஸ் புத்தி இல்லை பாப்பா, வீம்பு. நம் வீட்டில் யாருக்கும் பெரிய ஆபரேஷன் ஆனதில்லை, நர்ஸம்மா மகளுக்கு ஆகிவிட்டால் ஊர் என்ன சொல்லும் என்ற நினைப்பு எனக்குள் இருந்தது. இத்தனை நாள் யாரிடமும் சொன்னதில்லை, அப்பாவிடம்கூட.

அப்புறம் நடந்தது உனக்குத் தெரியும். கர்ப்பப்பை வாய் எட்டு சென்டிமீட்டர் திறந்து, ஐந்து மணி நேரம் அப்படியே நின்றது. குழந்தை மேலே பார்த்தபடி இருந்ததால் தலை இறங்கவில்லை, நாடித்துடிப்பு குறைந்தது, பனிக்குடத் தண்ணீர் பச்சையாக வந்தது, அவசரமாக உள்ளே கொண்டுபோனார்கள். இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள். அங்கே ஒருத்தி உன்னைப் பார்த்து "இப்படிக் கத்தினா பிள்ளை எப்படி வெளிய வரும்" என்று அதட்டியது கதவுக்கு வெளியே எனக்குக் கேட்டது. நீ இன்றைக்கும் அவளை மன்னிக்கவில்லை, மன்னிக்கவும் வேண்டாம். ஆனால் அந்த வார்த்தையை நானே எத்தனை பெண்களிடம் சொல்லியிருப்பேன் என்று அன்றைக்கு அந்த பெஞ்சில் உட்கார்ந்து எண்ணிப் பார்த்தேன். எண்ணிக்கை வரவில்லை.

சரி, இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

நம் சம்பந்தியம்மா, அதான் உன் மாமியார், "சுகப்பிரசவம்னா சுகப்பிரசவம்தான்" என்கிறார். இங்கே பக்கத்து வீட்டில் "ஒரு தடவை அறுத்தா எப்பவும் அறுப்புதான்" என்கிறார்கள். இரண்டையும் காதில் போட்டுக்கொள்ளாதே. அந்த இரண்டாவது பேச்சுக்கு ஒரு கதை உண்டு, பயிற்சியில் ஒரு டாக்டரம்மா சொன்னது. 1916இல் நியூயார்க்கில் கிரேகின் என்ற டாக்டர் எழுதிய வாக்கியமாம் அது. அவர் சொல்ல வந்ததே, முதல் ஆபரேஷனை எடுத்தேன் கவிழ்த்தேன் என்று செய்யாதீர்கள் என்பதுதான். தவிர, அந்தக் காலத்தில் கர்ப்பப்பையின் மேல்பாகத்தில் நெட்டுக்கு வெட்டுவார்கள், அந்தத் தழும்பு அடுத்த வலியைத் தாங்காது. இப்போது பெரும்பாலும் கீழ்ப்பாகத்தில் குறுக்கே வெட்டுகிறார்கள், அது நன்றாகக் கூடிவிடும். ஆனால் வயிற்றின் மேல் தெரிகிற தழும்பைப் பார்த்து முடிவுக்கு வராதே, உள்ளே எப்படி வெட்டினார்கள் என்பது வேறு கணக்கு. உன் டிஸ்சார்ஜ் சம்மரி என் டிரங்குப் பெட்டியில்தான் இருக்கிறது. கீழ்ப்பாகம், குறுக்கு என்று எழுதியிருக்கிறது. போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறேன், உன் டாக்டரிடம் காட்டு.

ஒரு ஆபரேஷனுக்குப் பிறகு நார்மலுக்கு முயற்சி செய்கிற நூறு பேரில் 60 முதல் 80 பேருக்கு நல்லபடியாக நடந்துவிடும். முதல் குழந்தை கால்மாறி, அதாவது தலை மேலும் கால் கீழுமாக, இருந்ததால் அறுத்தவர்களுக்கு வாய்ப்பு இன்னும் கூடுதல். உனக்கு நடுவழியில் நின்றுபோன கேஸ் என்பதால் கொஞ்சம் குறைவு என்றுதான் சொல்வேன், இல்லவே இல்லை என்று சொல்ல மாட்டேன். எட்டு வரை போனவள் நீ, அந்தத் தடவை குழந்தை திரும்பியிருந்த விதம்தான் தடை, எல்லாக் குழந்தையும் அப்படித் திரும்பாது. இடைவெளியும் மூன்றரை வருஷம், அதில் குறையில்லை. பயப்பட வேண்டியது கர்ப்பப்பையில் போட்ட பழைய தையல் விடுவதற்குத்தான். ஏறக்குறைய இருநூறு பேரில் ஒருவருக்கு நடக்கும். கேட்க அபூர்வமாகத் தெரியும், ஆனால் நடந்தால் நிமிஷக் கணக்கு, தாய்க்கும் பிள்ளைக்கும். முயற்சி செய்து முடியாமல் கடைசியில் ஓடிப்போய் ஆபரேஷன் செய்வதும் திட்டமிட்டுச் செய்வதைவிடக் கஷ்டம்தான், சீழ் பிடிக்கிற ஆபத்து கூடுதல். அதை நீயே பட்டுவிட்டாய்.

திட்டமிட்ட ஆபரேஷன் என்றால் 39 வாரம் வாக்கில் தேதி குறிப்பார்கள், நல்ல நேரம் பார்த்து அதற்கு முன்னாடி இழுக்க விடாதே, பிள்ளைக்கு மூச்சுத் திணறும். உன் மாமனாருக்கு ஜோசியர் பழக்கம் உண்டு, அதனால் சொல்லிவைக்கிறேன். ஆபரேஷனில் எனக்குள்ள கவலை இந்தப் பிள்ளைக்கு இல்லை, அடுத்ததற்கு. ஒவ்வொரு முறை அறுக்கும்போதும், அடுத்த கர்ப்பத்தில் நஞ்சுக்கொடி பழைய தழும்பில் ஒட்டிக்கொள்கிற ஆபத்து ஏறிக்கொண்டே போகும். ஒட்டினால் ரத்தம் நிற்காது, சில சமயம் கர்ப்பப்பையையே எடுக்கும்படி ஆகிவிடும். மூன்றாவது வேண்டுமா என்று மாப்பிள்ளையோடு பேசு. இரண்டோடு போதும் என்றால் இந்தக் கவலை சின்னது. இப்போதைக்கு, நஞ்சு எங்கே இருக்கிறது என்று ஸ்கேனில் நன்றாகப் பார்க்கச் சொல். கீழே வழியை மறித்துக்கொண்டு இருந்தால் யோசிக்கவே வேண்டியதில்லை, ஆபரேஷன்தான். மறந்துவிட்டேன், கர்ப்பத்தைப் பதிவு பண்ணினால் தருகிற பிக்மி நம்பர் வாங்கிவிட்டாயா? அது இல்லாமல் பிறப்புச் சான்றிதழுக்கு அலைய வேண்டும். பழக்கதோஷம், கேட்காமல் இருக்க முடியவில்லை.

என் அனுபவத்தில் நல்லபடியாகப் போன பெண்கள் பலர் இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி வைத்திருந்தார்கள். ஒரு தேதி குறித்துக்கொள்வார்கள். அதற்கு முன் வலி தானாக வந்தால் முயற்சி, வராவிட்டால் ஆபரேஷன். டிரிப் ஏற்றி வலியை வரவழைத்தால் தையல் விடுகிற ஆபத்து கூடும். மிசோப்ரோஸ்டால் மாத்திரை வைத்து வரவழைப்பது உனக்கு ஆகவே ஆகாது, இதை டாக்டரிடம் வாய்விட்டே கேட்டுவிடு. இன்னும் ஒன்றும் கேள். ராத்திரி இரண்டு மணிக்கு மயக்க டாக்டர் ஆஸ்பத்திரிக்குள் இருப்பாரா, வீட்டிலிருந்து வருவாரா? ரத்தம் கையிருப்பில் இருக்குமா? வலி தொடங்கியதிலிருந்து பிள்ளையின் துடிப்பை விடாமல் மெஷினில் பார்ப்பார்களா? இதற்கெல்லாம் மழுப்பலாகப் பதில் சொல்கிற இடம் எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் வேண்டாம்.

அதனால்தான் சொல்கிறேன், இங்கே வராதே. நீ "அம்மா வீட்டுக்கே வந்திடறேன்" என்றபோது எனக்கு எப்படி இருந்தது என்று எழுத முடியாது. ஆனால் உனக்குத் தேதி மார்கழித் தொடக்கம். பாம்பனில் புயல் கூண்டு ஏற்றுகிற காலம். 2024 நவம்பர் 20ஆம் தேதி பெய்த பேய்மழையில் நம் தெரு எப்படிக் கிடந்தது என்று வீடியோவில் பார்த்தாயே. தீவிலிருந்து காருக்கு ஒரே பாலம், அதைத் தாண்டி ராமநாதபுரம் பெரியாஸ்பத்திரி நாற்பது கிலோமீட்டருக்கு மேல். தழும்பு உள்ளவளை வலியோடு அந்த ரோட்டில் கூட்டிக்கொண்டு போக எனக்குத் தைரியம் இல்லை. கோயம்புத்தூரில் உன் வீட்டிலிருந்து ஆஸ்பத்திரி பத்து நிமிஷம், அங்கேயே இரு. நான் வருகிறேன். கார்த்திகை பிறந்ததும் கிளம்பிவிடுவேன், புதுப் பாலத்தில் ரயில் ஓட ஆரம்பித்த பிறகு நான் இன்னும் ஏறவே இல்லை, உன் சாக்கில் பார்த்துவிடுகிறேன். ஆடுகளை அப்பா பார்த்துக்கொள்வதாகச் சொல்கிறார், பார்க்கலாம்.

ஆபரேஷனில் பெற்றவள் முழுத் தாய் இல்லை என்கிற ஊர்க்காரர் பேச்சுக்கும் வருகிறேன். சின்னப்பாலத்தில் பாசி எடுக்கிற பெண் ஒருத்தி, இரண்டு பிள்ளையும் ஆபரேஷன், இப்போதும் கண்ணாடி மாட்டி மூச்சடக்கிக் கடலுக்குள் போய் மரிக்கொழுந்துப் பாசி பறித்து வருகிறாள். அவளிடம் போய் யாராவது நீ முழுத் தாயா என்று கேட்கட்டும் பார்ப்போம். தமிழ்நாட்டில் 2019-21 கணக்கெடுப்பில் நூற்றுக்கு 45 பிரசவம் ஆபரேஷன், தனியாரில் 64. இதில் தேவையில்லாததும் நிறைய இருக்கிறது, அது வேறு சண்டை. உனக்கு நடந்தது தேவையில்லாதது இல்லை.

என் மனசு என்ன சொல்கிறது என்று கேட்பாய். ஆபரேஷன் தேதி குறித்துவிட்டால் நிம்மதி என்றுதான் சொல்கிறது. ஏனென்றால் அந்தக் கதவுக்கு வெளியே இன்னொரு முறை அப்படி உட்கார என்னால் முடியாது. அது என் பயம், உன் காரணம் இல்லை. போன தடவை என் வீம்பை உன் வயிற்றில் வைத்தேன், இந்தத் தடவை என் பயத்தை வைக்க மாட்டேன்.

பால்சுறா காய வைத்திருக்கிறேன், புட்டுக்கு எடுத்து வருகிறேன். வாடை வந்தால் மாப்பிள்ளை முகம் சுளிப்பார், பால்கனியில் வைத்துக்கொள்ளலாம். பேரனிடம் ஆச்சி சங்கு கொண்டு வருகிறாள் என்று சொல்லிவை.

நீயும் அவரும் டாக்டரும் உட்கார்ந்து பேசி முடிவு பண்ணுங்கள். முடிவு பண்ணுவதற்கு முன்னால் என்னிடம் கேட்காதே பாப்பா. பண்ணின பிறகு போன் போடு, அடுப்பில் எதுவும் இருக்காது.

அம்மா