மந்தையைப் பொறுப்பேற்கும் மகளுக்கு

அன்பு மகளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. செம்மறி மந்தை ஒன்றைப் பொறுப்பேற்று நடத்தப் போகிறாய் என்று படித்ததும் மனசு நிறைந்துவிட்டது. ஆனால் கூடவே ஒரு கேள்வியும் கேட்டிருக்கிறாய். ஆடு வளர்ப்பதே பூமிக்குக் கேடு என்று உன்னோடு படித்தவர்கள் சொல்கிறார்களாம், நான் செய்வது சரிதானா அப்பா என்கிறாய். இதற்கு ஒரு வரியில் பதில் எழுத எனக்கு மனம் வரவில்லை. நிதானமாகப் படி.

அவர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது, அதை மறுத்துச் சண்டை போடாதே. ஆடு மேய்ந்த புல் அதன் பெருவயிற்றில் நொதிக்கும்போது ஹைட்ரஜன் உண்டாகிறது. அங்கேயே குடியிருக்கும் நுண்ணுயிர்கள் அதைக் கரியமில வாயுவோடு சேர்த்து மீத்தேனாக மாற்றிவிடுகின்றன. பெரும்பகுதி ஏப்பமாக வாய்வழியேதான் வெளியேறுகிறது. 100 ஆண்டுக் கணக்கு போட்டால், எடைக்கு எடை இந்த மீத்தேன் கரியமில வாயுவைவிட ஏறக்குறைய 27 மடங்கு சூடேற்றுகிறது. உலகத்தில் 120 கோடிக்கும் மேல் செம்மறிகள் இருக்கும்போது இதைச் சின்ன விஷயம் என்று ஒதுக்க முடியாது. நல்ல சேதியும் உண்டு. மீத்தேன் காற்றில் சுமார் 12 ஆண்டுகள்தான் தங்கும். இன்று குறைத்தால் அதன் பலனை நீயே கண்ணால் பார்க்கலாம்.

எப்படிக் குறைப்பது? நான் முதலில் பார்க்கச் சொல்வது மருந்தையோ இயந்திரத்தையோ அல்ல, உன் மந்தையில் வெறுமனே நிற்கும் ஆடுகளை. சினை பிடிக்காத ஆடும் வருஷம் முழுக்கத் தின்னும், ஏப்பம் விடும். ஈன்ற மூன்றாம் நாள் குட்டியைப் பறிகொடுத்த ஆடும் அப்படித்தான். அந்த மீத்தேனுக்கு ஈடாக ஒரு கிலோ இறைச்சிகூடக் கிடைப்பதில்லை. அதே தீவனத்தைத் தின்று இரட்டைக் குட்டிகளை வளர்த்து விடும் ஆட்டோடு இதை ஒப்பிட்டுப் பார், கணக்கு புரிந்துவிடும்.

நியூசிலாந்து இதைத்தான் காட்டியது. 1982 வாக்கில் அங்கே 7 கோடி செம்மறிகள் இருந்தன. இப்போது 2.5 கோடிக்கும் குறைவு. இறைச்சி உற்பத்தி மட்டும் அந்த வேகத்தில் விழவில்லை. ஓர் ஆட்டுக்குக் கிடைக்கும் குட்டிகள் கூடின, குட்டிகளின் எடை கூடியது, சீக்கிரம் விற்கும் எடைக்கு வந்தன. இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆடு மேய்ந்த நிலத்தில் ஒரு பங்கு பால்மாடுகளுக்குப் போனது, அந்த மாடுகளும் மீத்தேன் விடுகின்றன. அதனால் ஆட்டின் எண்ணிக்கை குறைந்ததை மட்டும் வைத்து நாட்டுக்கே மதிப்பெண் போட்டுவிடக் கூடாது.

உன் கையில் இருப்பது என்ன என்று கேட்பாய். நான் மந்தை வைத்திருந்த காலத்தில் கிடா சேர்ப்பதற்கு முன்னால் ஒவ்வோர் ஆட்டையும் கையால் தடவிப் பார்ப்பேன். கடைசி விலா எலும்புக்குப் பின்னால், முதுகெலும்பின் மேல் விரல்களை வைத்து அழுத்து. முள்போல் கூராகக் குத்தினால் ஆடு மெலிந்திருக்கிறது. எலும்பே தட்டுப்படாமல் மெத்தென்றிருந்தால் கொழுத்திருக்கிறது. இரண்டுக்கும் நடுவில், அழுத்தினால் எலும்பு தெரியும், ஆனால் உருண்டையாக இருக்கும், அந்த நிலையில் சேர்த்தால் சினை நன்றாகப் பிடிக்கும். கண்ணால் பார்த்து முடிவு செய்யாதே, கம்பளி ஏமாற்றிவிடும். நடுச்சினையில் ஸ்கேன் எடுத்து இரட்டைக் குட்டி சுமப்பவற்றைத் தனியாகப் பிரித்து நல்ல தீவனம் கொடு. பிறந்த குட்டிக்கு முதல் சில மணி நேரத்துக்குள் சீம்பால் உள்ளே போய்விட வேண்டும். குளிர்காற்றும் மழையும் சேர்ந்து அடித்தால் ஈரம் காயாத குட்டி விறைத்துப் போகும். அதனால் ஈற்றுக்கு விடும் நிலத்தில் காற்றுத் தடுப்பாக மரவரிசை இருக்கட்டும். அந்த மரங்கள் தங்கள் பங்குக்குக் காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்துக் கரியாகச் சேர்த்தும் வைக்கும்.

அப்புறம் குடற்புழு. புழு பிடித்த குட்டி எடைக்கு வர மாதக்கணக்கில் கூடுதலாக ஆகும், அத்தனை நாளும் மீத்தேன்தான். டேனின் என்ற துவர்ப்புச் சத்துள்ள பயறுவகைத் தீவனச் செடிகளைப் புல்லோடு கலந்து வளர்த்தால் புழுவும் ஓரளவு கட்டுப்படும், மீத்தேனும் ஓரளவு குறையும். பயறுவகை என்பதால் மண்ணுக்குத் தழைச்சத்தும் கிடைக்கும், யூரியா செலவு மிச்சம்.

என்னை மிகவும் கவர்ந்தது இனத்தேர்வு. நியூசிலாந்து விஞ்ஞானிகள் ஆட்டைக் காற்றுப் புகாத பெட்டிக்குள் ஒரு மணி நேரத்துக்கும் குறைவாக நிறுத்தி, அது விடும் மீத்தேனை அளந்தார்கள். ஒரே தீவனம் தின்றும் சில ஆடுகள் குறைவாக விட்டன, அந்தக் குணம் குட்டிகளுக்கும் இறங்கியது. சில தலைமுறை பொறுக்கி வளர்த்ததில் குறைவாக விடும் வரிசைக்கும் அதிகமாக விடும் வரிசைக்கும் 10 சதவீதத்துக்கும் மேல் வித்தியாசம் வந்துவிட்டது. குறைவாக விடும் ஆடுகளுக்குப் பெருவயிறு சிறியது, தீவனம் அங்கே தங்கும் நேரமும் குறைவு. 10 சதவீதம்தானா என்று நினைக்காதே. ஒரு நல்ல கிடா வந்தால் அதன் குணம் மந்தையில் தங்கிவிடும், தினமும் எதையும் ஊட்ட வேண்டியதில்லை.

கடற்பாசியைப் பற்றிக் கேட்டிருந்தாய். ஆஸ்திரேலியாவில் அஸ்பரகாப்சிஸ் என்ற செந்நிறப் பாசியைத் தீவனத்தில் கலந்து செம்மறிகளுக்குக் கொடுத்துப் பார்த்தபோது மீத்தேன் 80 சதவீதம் வரை குறைந்தது. அதிலுள்ள புரோமோஃபார்ம் என்ற வேதிப்பொருள் மீத்தேன் உண்டாகும் கடைசிப் படியைத் தடுக்கிறது. கொட்டிலில் கட்டித் தீவனம் போடுபவர்களுக்கு இது பெரிய உதவி. மலையில் மேயும் ஆட்டுக்குத் தினம் அளவு பார்த்து யார் கொடுப்பது? ஸ்காட்லாந்தின் ஆர்க்னி தீவுகளில் நார்த் ரொனால்ட்சே என்று ஒரு தீவு இருக்கிறது. 1832இல் தீவைச் சுற்றிக் கல்மதில் கட்டி ஆடுகளைக் கடற்கரைப் பக்கம் விட்டார்கள், இன்றும் அவை பாசி தின்றே வாழ்கின்றன. அவை தின்பது பெரும்பாலும் வேறு பழுப்புப் பாசி. அந்த ஆடுகளைக் காட்டி யாராவது பாசித்தூள் விற்க வந்தால் இரண்டும் ஒன்றல்ல என்று சொல்லிவிடு.

மண்ணைப் பற்றி எழுதாமல் முடிக்க மாட்டேன். ஐஸ்லாந்தில் மனிதர்கள் குடியேறிய 9ஆம் நூற்றாண்டில் பிர்ச் மரக்காடு பரவிக் கிடந்தது. விறகுக்கு வெட்டியதும் ஆடுகள் தளிரைத் தின்றதும் சேர்ந்து காட்டை ஏறக்குறைய அழித்தன. எரிமலைச் சாம்பல் மண் காற்றில் பறந்தது. 1907இலேயே மண்காப்புக்கென்று அரசு அமைப்பு ஏற்படுத்தும் நிலை வந்தது. மொராக்கோவின் அட்லஸ் மலையில் வேறு கதை. அங்கே அக்தால் என்ற ஊர்க்கட்டுப்பாடு உண்டு. குறித்த நாள்வரை மேய்ச்சல் நிலத்தில் ஒரு மந்தையும் கால் வைக்கக் கூடாது. புல் பூத்து விதை உதிர்த்த பிறகுதான் திறப்பார்கள். இரண்டு இடத்திலும் மேய்ந்தது ஆடுதான். புல்லுக்கு ஓய்வு கிடைத்ததா இல்லையா என்பதில்தான் வித்தியாசம். நீயும் நிலத்தைப் பிரித்து ஆடுகளை மாற்றி மாற்றி மேயவிடு.

ஆனால் சுழற்சி மேய்ச்சல் செய்தால் மண்ணே எல்லா மீத்தேனையும் ஈடுகட்டிவிடும் என்பவர்களை நம்பாதே. கெட்டுப்போன மண் சில பத்தாண்டுகள் கரியைச் சேர்க்கும், அப்புறம் நிறைந்து நின்றுவிடும். உழுதாலோ கடும் வறட்சி வந்தாலோ சேர்ந்தது திரும்பவும் வெளியேறும்.

ஆட்டால் வேறு வழியிலும் நன்மை உண்டு. ஸ்பெயினின் அந்தலூசியாவில் காட்டுத்தீத் தடுப்புப் பாதைகளில் புதர் மண்டாமல் மேய்ப்பதற்கு ஆட்டுக்காரர்களுக்குப் பணம் கொடுக்கிறார்கள். அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் சூரிய மின்பலகைகளின் அடியில் செம்மறிகள் மேய்கின்றன. வெள்ளாடு என்றால் மேலே தாவும், கம்பியைக் கடிக்கும், அதனால் செம்மறிக்குத்தான் கிராக்கி.

உன் நண்பர்களிடம் இவ்வளவையும் சொல்ல வேண்டாம். போன ஈற்றின் பதிவேட்டை எடுத்துப் பார்த்து எனக்கு எழுது: எத்தனை ஆடு சினை பிடிக்கவில்லை, எத்தனை குட்டி முதல் வாரத்திலேயே போயின, மிச்சமிருந்தவை எத்தனை மாதத்தில் எடைக்கு வந்தன. பதிவேடே இல்லை என்றால் இந்த ஈற்றிலிருந்து தொடங்கு. அதைப் பார்த்த பிறகு எந்தக் கிடாவை வாங்கலாம் என்று பேசுவோம்.

அன்புடன்,
அப்பா