மருந்து முன்னே, படிகம் பின்னே

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் வந்த ஹெபடைடிஸ் சி பற்றிய கட்டுரையைப் படித்தேன். நோயாளிகளுக்குப் பயன்படும் தகவல்கள் நிறைய இருந்தன. ஒரு வரி மட்டும் உறுத்தியது. வைரஸ் தன் மரபுப்பொருளைப் படியெடுக்கப் பயன்படுத்தும் பாலிமரேஸ் நொதியைப் படிகமாக்கி, எக்ஸ் கதிர்களால் அதன் வடிவத்தைப் பார்த்து, அதற்குப் பொருந்தும்படி செதுக்கிய மருந்துதான் சோஃபோஸ்புவிர் என்று கட்டுரையாளர் எழுதியிருந்தார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. நடந்தது அப்படியல்ல.

அந்த வைரஸின் மரபுப்பொருள் சுமார் 9,600 எழுத்துகள் கொண்ட ஒற்றை ஆர்.என்.ஏ. இழை. அதைப் படியெடுப்பது என்.எஸ்.5பி என்ற பாலிமரேஸ். மொத்தம் 591 அமினோ அமிலங்கள். கடைசி 21 மட்டும் செல்லுக்குள் உள்ள சவ்வில் ஊன்றிக்கொள்வதற்கானவை. தண்ணீரில் கரைய மாட்டேன் என்று அடம்பிடிப்பவை. அந்த வாலை நறுக்கிவிட்ட பிறகுதான் நொதி கரைந்தது, படிகமும் ஆனது. 1999-ல் அமெரிக்கா, பிரான்ஸ், ஜப்பான் என மூன்று நாட்டுக் குழுக்கள் ஏறக்குறைய ஒரே நேரத்தில் அதன் அமைப்பை வெளியிட்டன.

இந்த வகை நொதிகளை வலது கை என்றே துறையில் வர்ணிப்பார்கள். விரல்கள், உள்ளங்கை, கட்டைவிரல் என்று பகுதிகளுக்குப் பெயரும் உண்டு. 1997-ல் வெளிவந்த போலியோ வைரஸ் பாலிமரேஸின் படிக அமைப்பிலும் இதே கைதான். ஹெபடைடிஸ் சி நொதியில், விரல் பகுதியிலிருந்து நீளும் வளையங்கள் கட்டைவிரலைத் தொட்டு, கையை மூடியே வைத்திருக்கின்றன. உள்ளங்கையில் இருக்கும் அஸ்பார்ட்டிக் அமிலங்கள் இரண்டு உலோக அயனிகளைப் பிடித்துக்கொள்ள, புது நியூக்ளியோடைடு, அதாவது ஆர்.என்.ஏ.வின் அடுத்த எழுத்து, வளரும் இழையோடு இணைவது அங்கேதான். கட்டைவிரலிலிருந்து சிறு மடிப்பு ஒன்று அந்த இடத்தை நோக்கி நீட்டிக்கொண்டு வழியை மறிக்கிறது. படியெடுப்பைத் தொடங்க அது தேவை. ஆனால் உருவாகும் இரட்டை இழை வெளியே வர வேண்டுமென்றால் அந்த மடிப்பு விலகியாக வேண்டும். 1999-ல் கிடைத்ததோ ஆர்.என்.ஏ. எதுவுமில்லாமல் சும்மா உட்கார்ந்திருந்த நொதியின் படம். அதை வைத்துக்கொண்டு, உள்ளங்கையில் எந்த மூலக்கூறு போய் எப்படி உட்காரும் என்று கணித்திருக்க முடியாது.

மருந்தைத் தேடியவர்களுக்கு அதே 1999-ல் வேறொரு வரம் கிடைத்தது. ஜெர்மனியில் வைரஸ் ஆய்வாளர் பார்ட்டன்ஷ்லாகரின் குழு, இந்த வைரஸின் ஆர்.என்.ஏ.வை ஆய்வுக்கூடத்தில் கல்லீரல் செல்களுக்குள் பெருகவைக்கும் வழியைக் கண்டுபிடித்தது. அதன்பின், ஒரு மூலக்கூறு வேலை செய்கிறதா என்பதைச் செல்லில் போட்டே பார்த்துவிடலாம். வேதியியலாளர்கள் ஆர்.என்.ஏ. எழுத்துகளில் சின்னச் சின்ன மாற்றங்கள் செய்து வரிசையாகச் சோதித்தார்கள். எழுத்து ஒவ்வொன்றிலும் ஒரு சர்க்கரைப் பகுதி உண்டு; அதன் இரண்டாவது கார்பனில் ஒரு ஃபுளோரினையும் ஒரு மெத்தில் தொகுதியையும் வைத்த எழுத்து நன்றாக வேலை செய்தது. ஒரு சிக்கல்: இழையில் சேர எழுத்துக்குப் பாஸ்பேட்டுகள் வேண்டும்; அதன் யூரிடின் வடிவத்தில் (ஆர்.என்.ஏ.வின் நான்கு எழுத்துகளில் ஒன்றான ‘யு’) முதல் பாஸ்பேட்டை ஏற்ற நம் செல்கள் முனைவதே இல்லை. ஃபார்மாசெட் நிறுவனத்தில் மைக்கேல் சோஃபியாவின் குழு அந்த பாஸ்பேட்டை முன்கூட்டியே ஒட்டி, செல்லுக்குள் நுழைய வசதியாக வேறு வேதித் தொகுதிகளால் மூடி, முகமூடி போட்டு அனுப்பியது. கல்லீரல் முகமூடியைக் கழற்றிக்கொண்டது. 2007-ல் உருவான அந்த மூலக்கூறுதான் சோஃபோஸ்புவிர். அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது 2013 டிசம்பரில்.

மருந்து நொதியைப் பிடிக்கும் இடத்தைக் காட்டிய படிக அமைப்பு வெளிவந்தது 2015-ல். அதற்காக, வழிமறிக்கும் அந்த மடிப்பையே நீக்கிவிட்டு, ஆர்.என்.ஏ.வோடு சேர்த்துப் படிகமாக்கினார்கள். வழக்கமான எழுத்தின் சர்க்கரையை 282-வது செரீன் உள்ளிட்ட சில அமினோ அமிலங்கள் ஹைட்ரஜன் பிணைப்புகளால் பிடித்துக்கொள்கின்றன. ஃபுளோரின் அந்தப் பிடியைக் கலைக்கிறது. இருந்தும் நொதி ஏமாந்து அந்த எழுத்தை இழையில் சேர்த்துவிடுகிறது. அடுத்த எழுத்துக்கு இடமில்லை, இழை அத்தோடு நின்றுவிடுகிறது. 282-ல் செரீன் போய்த் திரியோனின் என்ற வேறு அமினோ அமிலம் வந்தால் மருந்தின் பிடி தளரும் என்பது முன்பே தெரியும். ஆனால் அப்படி மாறிய வைரஸ் சரியாகப் பெருகுவதில்லை. தப்பிக்கும் வழியே வைரஸின் காலை வாரிவிடுகிறது.

வடிவத்தைப் பார்த்து மருந்து தேடியவர்களும் உண்டு, அவர்கள் சோம்பி இருக்கவில்லை. கட்டைவிரலிலும் உள்ளங்கை ஓரத்திலும் படிகங்கள் காட்டிய குழிகளை அடைக்க எத்தனையோ மூலக்கூறுகளைச் செய்து பார்த்தார்கள். அந்த வகையில் அமெரிக்கச் சந்தைவரை போய்ச் சேர்ந்தது டாசபுவிர் மட்டுமே. அதுவும் வைரஸின் முதலாம் மரபணு வகைக்குத்தான். நம் நாட்டில் அதிகம் காணப்படும் மூன்றாம் வகையிடம் அது எடுபடாது. அந்தக் குழிகள் வகைக்கு வகை மாறுகின்றன; எழுத்து கோக்கும் உள்ளங்கை மாறுவதில்லை. 2018 முதல் தேசியத் திட்டத்தில் அரசு மருத்துவமனைகளில் ஹெபடைடிஸ் சி-க்கான மாத்திரைகள் இலவசமாகத் தரப்படுகின்றன. அவற்றில் சோஃபோஸ்புவிர் இருப்பதற்கு இதுவும் காரணம்.

படிகவியலைக் குறைத்துச் சொல்ல இதை எழுதவில்லை. புரதங்களின் படிக அமைப்பு சரியா என்று உலகெங்கும் சரிபார்ப்பது, 1963-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என்.ராமச்சந்திரன் குழு தந்த வரைபடத்தை வைத்துத்தான். அதில் நமக்குப் பெருமை இருக்கலாம், தப்பில்லை. படம் கிடைத்துவிட்டால் மருந்தும் கிடைத்துவிடும் என்ற எண்ணத்தை வாசகரிடம் வளர்க்க வேண்டாம் என்பதே என் கோரிக்கை. ஒவ்வொரு மழைக்காலத்திலும் நம்மைப் படுத்தும் டெங்குவின் பாலிமரேஸும் கிட்டத்தட்ட இதே கைதான். அதன் படிக அமைப்பை, அணுக்களின் இடம் தெரியும் அளவுக்கு, 1.85 ஆங்ஸ்ட்ராம் துல்லியத்தில், சிங்கப்பூர் ஆய்வாளர்கள் 2007-லேயே வெளியிட்டுவிட்டார்கள். டெங்கு வைரஸைத் தாக்கும் மருந்தென்று மருத்துவர் எழுதித்தர இன்றுவரை எதுவும் இல்லை. ஏன் என்று ஒரு கட்டுரை போடுங்கள், கட்டாயம் படிப்பேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உயிர்வேதியியல் ஆசிரியை,
திண்டுக்கல்