யோகா மாணவர்களின் புதிய வகுப்பு குறித்துப் பெற்றோர்களுக்குக் கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். இரண்டாம் பருவம் நிறைவடைகிறது. தேர்வுகள் நல்லபடியாக முடிந்தன. விளையாட்டு விழாவிலும் ஆண்டு விழாவிலும் மாணவர்கள் உற்சாகமாகப் பங்கேற்றனர். அனைவருக்கும் என் பாராட்டுகள்.

இப்பருவத்தில் யோகா மாணவர்களுக்குப் புதிதாகச் சேர்த்த வகுப்பைப் பற்றிச் சற்று விரிவாக எழுத வேண்டியுள்ளது. சூரிய நமஸ்காரத்தையும் நின்றநிலை ஆசனங்களையும் விறுவிறுப்பாகச் செய்து பழகிய பிள்ளைகளுக்கு, வாரம் ஒரு நாள் ‘யின் யோகா’ என்னும் மெதுவான நீட்டல் பயிற்சியை அளித்து வருகிறோம். 1970களின் இறுதியில் அமெரிக்காவில் பாலி ஜிங்க் கற்பிக்கத் தொடங்கி, பின்னர் பால் கிரில்லி, சாரா பவர்ஸ் ஆகியோரால் பரவிய முறை இது. தசைகளை இறுக்காமல் தளரவிட்டு, உட்கார்ந்தோ படுத்தோ ஒரே நிலையில் அசையாமல் இருப்பதே பயிற்சி. பெரியவர்கள் ஒரு நிலையில் 3 முதல் 5 நிமிடம் வரை இருப்பார்கள். நம் பிள்ளைகளுக்கு 1 நிமிடத்தில் தொடங்கி 2 நிமிடத்தோடு நிறுத்திக்கொள்கிறோம்.

“சும்மா படுத்திருப்பதற்கு ஒரு வகுப்பா?” என்று சிலர் கேட்டீர்கள். நியாயமான கேள்விதான். தசை, சுருங்கி விரியும் உழைப்பால் வலுப்பெறுகிறது. மூட்டுகளைச் சுற்றியுள்ள இணைப்புத் திசுக்களோ நெடுநேரம் நீடிக்கும் மென்மையான இழுவைக்கே மெல்ல இசைந்துகொடுக்கின்றன. ஆசனம் என்பது நிலையாகவும் சுகமாகவும் இருக்க வேண்டும் என்கிறார் யோக சூத்திரத்தை இயற்றிய பதஞ்சலி. கடினமான ஆசனங்களில் உறுதியாக நிற்கும் நம் மாணவர்கள் சிலருக்கு, ஒரு நிமிடம் உடலைத் தளரவிட்டு இருப்பது பெரும் பாடாக இருந்ததை நானே வகுப்பில் அமர்ந்து பார்த்தேன். அந்தச் சுகத்தையும் அவர்கள் கற்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

என் கவலை வேறொன்று. வகுப்பில் கற்றதைப் பிள்ளைகள் வீட்டில் செய்து காட்டும்போது, “இன்னும் குனி” என்று முதுகை அழுத்துவதும், உள்ளங்கால்களை ஒன்றோடொன்று சேர்த்து அமரும் வண்ணத்துப்பூச்சி ஆசனத்தில் முழங்கால்கள் தரையைத் தொடும்வரை கையால் அமுக்குவதும் சில வீடுகளில் நடக்கின்றன. யோகா அறிந்த பெற்றோர் சிலர், முதுகு வளைந்திருப்பதைத் தவறென்று எண்ணி நிமிர்த்தவும் செய்கிறார்கள். விறுவிறுப்பான வகுப்பில் குதிகாலை உடலோடு ஒட்டி, முதுகை நிமிர்த்தி அமர்வது சரி. இந்த வகுப்பிலோ குதிகாலைச் சற்றுத் தள்ளி வைத்து, முதுகை இயல்பாக வளையவிடுகிறோம். இரண்டும் அதனதன் இடத்தில் சரியானவையே.

இதை உறுதியாகச் சொல்ல வேண்டியது என் கடமை: பிள்ளையின் முதுகையோ முழங்காலையோ எவரும் கைவைத்து அழுத்தக் கூடாது. திடீரென்று இழுக்கப்படும் தசை தன்னைக் காத்துக்கொள்ளத் தானாகவே சுருங்கும். அதற்கு மேலும் அழுத்தினால் காயம் நேரலாம். வளரும் வயதில் எலும்புகளின் முனைகளில் இருப்பது இன்னும் கெட்டிப்படாத குருத்தெலும்பு. இப்பருவத்தில் ஒரு மாணவி தொடையின் உட்பக்க வலியோடு வகுப்புக்கு வந்தபோது, வீட்டில் நடந்ததைக் கேட்டு நானும் யோகா ஆசிரியையும் மிகவும் வருந்தினோம். எங்கள் வகுப்பில் கூர்மையான வலியோ மரத்துப்போதலோ தோன்றினால், யாரையும் கேட்காமலே அந்த நிலையிலிருந்து மெதுவாக வெளிவரலாம் என்பதே முதல் விதி. வீட்டிலும் அந்த உரிமையைப் பிள்ளையிடமே விட்டுவிடுங்கள். மூட்டுகள் இயல்பாகவே அதிகம் வளையும் பிள்ளைகள் எளிதாகச் செய்வதுபோல் தோன்றினாலும், கூடுதல் கவனம் தேவைப்படுவது அவர்களுக்குத்தான். உங்கள் பிள்ளை அப்படியென்றால் ஆசிரியையிடம் முன்கூட்டியே தெரிவியுங்கள்.

உங்கள் ஆர்வத்தில் எனக்குச் சிறிதும் ஐயமில்லை. பிள்ளை கற்றதை உட்கார்ந்து பார்க்க நேரம் ஒதுக்கும் பெற்றோர் வாய்த்திருப்பது இப்பள்ளியின் பேறு. அடுத்த பருவத்தின் முதல் வாரத்தில் இவ்வகுப்பைப் பெற்றோர் நேரில் காணலாம். விரும்புவோர் ஒரு தலையணையுடன் வந்து பிள்ளையின் அருகில் அமர்ந்து செய்தும் பார்க்கலாம். இப்பருவம் முழுவதும் நீங்கள் அளித்த ஒத்துழைப்புக்கு மனமார்ந்த நன்றி.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள,
தலைமையாசிரியர்