குப்பை வண்டி வராத ஊரிலிருந்து

காமிகட்சு,
ஆகஸ்ட், ஞாயிறு மாலை.

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். நீங்களும் அம்மாவும் நலம்தானே? அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்ததா? நீங்கள் அனுப்பிய பார்சல் புதன்கிழமை வந்து சேர்ந்தது. ஊறுகாய் ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை. அன்று இரவே பிரித்துச் சாப்பிட்டேன்.

போன வாரம் போனில், "குப்பை வண்டிகூட வராதாமே, அது என்னம்மா ஊர்?" என்று கேட்டீர்கள். உங்கள் குரலில் கவலை தெரிந்தது. ஊராட்சி அலுவலகத்தில் முப்பது வருஷம் கணக்கு எழுதியவருக்கு அந்தக் கவலை வரத்தான் செய்யும். போனில் இரண்டு வரியில் சொல்லத் தெரியாமல் கடிதம் போடுகிறேன் என்றேன். இன்று விடுமுறை, உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதலில் ஊர் இருக்கும் இடம். ஜப்பானின் நான்கு பெரிய தீவுகளில் சிறியது ஷிகோகு. அதில் டோகுஷிமா மாகாணம். டோகுஷிமா நகரத்திலிருந்து கட்சுவுரா ஆற்றை ஒட்டியே காரில் ஒரு மணி நேரம் ஏறி வந்தால் எங்கள் ஊர். ஊர் என்றதும் ஒரு கடைத்தெருவும் நாலு வீதியும் நினைக்காதீர்கள். 109 சதுர கிலோமீட்டர் பரப்பு, அதில் பத்தில் ஒன்பது பங்கு காடு. 100 மீட்டர் உயரத்திலிருந்து 700 மீட்டர் வரை மலைச்சரிவில் அங்கங்கே ஒட்டிக்கொண்டிருக்கும் ஐம்பத்தைந்து குக்கிராமங்களும் சேர்ந்ததுதான் காமிகட்சு. நம் பேரூராட்சி மாதிரி இதற்கென்று ஓர் ஊர் அலுவலகம், ஊர் மன்றம், தேர்தல் எல்லாம் உண்டு. 1955-ல் இரண்டு கிராமங்களை இணைத்து இந்த ஊரை உண்டாக்கியபோது ஆறாயிரம் பேருக்கு மேல் இருந்தார்கள். இப்போது சுமார் 1,400 பேர். அதில் பாதிக்கு மேல் 65 வயதைத் தாண்டியவர்கள். இங்கே முதியோர் பராமரிப்பு நிலையத்தில் எனக்கு வேலை கிடைத்ததே அதனால்தான்.

சரி, குப்பைக்கு வருகிறேன். ஒரு காலத்தில் இங்கேயும் திறந்த வெளியில்தான் எரித்தார்கள். பிறகு 1998-ல் இரண்டு சிறிய எரி உலைகள் வைத்தார்கள். டையாக்சின் நச்சுப் புகைக்கு அரசு கடுமையான விதி கொண்டுவந்ததும் சில ஆண்டுகளிலேயே அவற்றை மூட வேண்டியதாயிற்று. புது உலை கட்டப் பணம் இல்லை. மலையெல்லாம் சுற்றிக் குப்பை அள்ள வண்டி விடவும் வசதி இல்லை. அப்போதுதான் மக்களே பிரித்துக் கொண்டுவந்து கொடுப்பது என்று முடிவானது. 2001-ல் 35 வகையாகப் பிரித்தார்கள், இப்போது நாற்பதுக்கும் மேற்பட்ட வகை. 2003-ல், ஜப்பானில் முதல் ஊராக, குப்பையே இல்லாத ஊர் ஆவோம் என்று அறிவித்தார்கள். இப்போது குப்பையில் எண்பது சதவீதம் மறுசுழற்சிக்குப் போகிறது. ஊருக்கு மொத்தமாக ஒரே ஒரு குப்பை நிலையம். காய்கறித் தோல், மிச்சச் சோறு அங்கே போகாது. அதை அவரவர் வீட்டிலேயே மட்க வைக்க வேண்டும், அதற்கான சாதனம் வாங்க ஊர் அலுவலகம் மானியம் தருகிறது.

வந்த புதிதில் எல்லாவற்றையும் ஒரே பையில் கட்டிக்கொண்டு போய் நின்றேன். அங்கே வேலை பார்க்கும் ஓர் அம்மா ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. பையை மேசையில் கொட்டி, ஒவ்வொன்றாக என் கையில் எடுத்துக் கொடுத்து, எந்தப் பெட்டி என்று காட்டினார். முக்கால் மணி நேரம் ஆயிற்று. அவருக்கு அவசரமே இல்லை.

அப்பா, நீங்கள் பார்க்க வேண்டியது அந்தப் பெட்டிகளின் மேல் இருக்கும் பலகைகளைத்தான். இது எந்த ஊருக்குப் போகிறது, என்னவாக மாறுகிறது என்று எழுதியிருக்கும். அதற்குக் கீழே, கிலோவுக்கு இவ்வளவு யென் ஊருக்கு வரவு அல்லது செலவு என்றும் இருக்கும். அலுமினிய டின்னுக்கு வரவு. கண்ணாடிக்கும் ட்யூப்லைட்டுக்கும் செலவு. பொது வரவு செலவு என்றால் யாரும் எட்டிப் பார்க்காத பேரேட்டில்தான் இருக்கும் என்று நீங்கள் வருத்தப்படுவீர்களே, இங்கே குப்பை போட வரும் எண்பது வயதுத் தாத்தாவும் அதை வாசித்துவிட்டுத்தான் போடுகிறார். எனக்கு உங்கள் ஞாபகம் வந்தது.

நேற்றுக் காலை உங்கள் பார்சலோடு போனேன். அட்டைப் பெட்டியில் நீங்கள் நாலு சுற்றுச் சுற்றிய பழுப்பு டேப்பை நகத்தால் உரித்து எடுக்கவே கால் மணி நேரம். அட்டை ஒரு பக்கம், டேப் வேறு பக்கம். உள்ளே சுற்றிய செய்தித்தாளில் எண்ணெய் படாத தாள்கள் காகிதக் கட்டில் சேர்ந்தன, எண்ணெய் பட்டவை எரிக்கும் பெட்டிக்கு. பிளாஸ்டிக் உறைகளை முந்தின இரவே கழுவிக் கொடியில் காயப்போட்டிருந்தேன், கழுவாவிட்டால் அதுவும் எரிக்கத்தான் போகும். பாட்டிலும் மூடியும் ஊறுகாய் தீரும்வரை என்னோடு இருக்கும். மேலே தைத்திருந்த வெள்ளைத் துணியைப் பக்கத்து வீட்டுப் பாட்டி கேட்டு வாங்கிக்கொண்டார். அம்மாவின் தையலை விரலால் தடவிப் பார்த்து, "நல்ல கை" என்றார். அம்மாவிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

அந்த நிலையத்தின் கட்டடம் 2020-ல் கட்டியது. மேலிருந்து பார்த்தால் கேள்விக்குறி போல இருக்கும். ஊர் மக்கள் கொடுத்த சுமார் 700 பழைய ஜன்னல்களையும் கதவுகளையும் வைத்துச் சுவர் எழுப்பியிருக்கிறார்கள். பாட்டி வீட்டு ஜன்னலும் அதில் ஒன்று. ஒவ்வொரு முறை போகும்போதும் அதன் எதிரே ஒரு நிமிஷம் நின்றுவிட்டுத்தான் வருவார். பக்கத்திலேயே 'குருகுரு' கடை, சுற்றிச் சுற்றி வருவது என்று அர்த்தம். வேண்டாத நல்ல பொருள்களை அங்கே வைத்துவிடலாம், வேண்டியவர் எடை பார்த்து எழுதிவிட்டு இலவசமாக எடுத்துப்போகலாம். என் குளிர்காலக் கோட்டும் ஆறு பீங்கான் கிண்ணங்களும் அங்கே எடுத்தவைதான்.

பாட்டியைப் பற்றிச் சொல்லாமல் இந்த ஊரைச் சொல்ல முடியாது. வயது 84. தொழில், இலை பறிப்பது. இங்கே உணவகங்களில் தட்டின் ஓரத்தில் பருவத்துக்கு ஏற்ற இலையோ பூவோ வைப்பார்கள். முன்பு இவர்களுக்கெல்லாம் ஆரஞ்சுத் தோட்டம்தான் வாழ்க்கை. 1981 பிப்ரவரியில் அடித்த கடுங்குளிரில் மரங்கள் கூட்டம் கூட்டமாகப் பட்டுப்போயின. காலையில் எழுந்து பார்த்தால் தோட்டமே சுருண்டு கிடந்தது என்று பாட்டி இன்றைக்கும் தாழ்ந்த குரலில்தான் சொல்வார். வேளாண் கூட்டுறவில் ஆலோசகராக இருந்த யோகோயிஷி டோமோஜி என்பவர், ஒசாகாவில் சாப்பிடப் போன இடத்தில், தட்டில் இருந்த மேப்பிள் இலையை இளம்பெண்கள் ஆசையோடு எடுத்துப் பத்திரப்படுத்துவதைப் பார்த்தாராம். எங்கள் மலை முழுக்க இதுதானே என்று தோன்றியிருக்கிறது. ஊரில் சொன்னபோது, இலையை யார் காசு கொடுத்து வாங்குவார்கள் என்றார்கள். 1986-ல் நாலு பேரோடு தொடங்கினார். இன்று முந்நூறு வகைக்கு மேல் போகிறது.

காலையில் பாட்டி கண்ணாடியை மாட்டிக்கொண்டு டேப்லெட்டோடு உட்காருவார். ஆர்டர் திரையில் வந்ததும் யார் முதலில் அழுத்துகிறாரோ அவருக்கு அது. கிடைத்துவிட்டால் சின்னப் பிள்ளை மாதிரி கை தட்டுவார். அப்புறம் கூடையை எடுத்துக்கொண்டு சரிவில் இறங்குவார். இப்போது பச்சை மேப்பிள் பருவம். ஓய்வு நாளில் நானும் கூடப் போவேன். ஒரே அளவு, ஒரே நிறம், புழு கடித்த புள்ளி ஒன்றுகூட இருக்கக் கூடாது. நான் நன்றாக இருக்கிறது என்று நினைத்து அடுக்கியதில் பாதியைத் திருப்பிப் பார்த்து எடுத்துப் போட்டுவிடுவார். வெளிச்சத்துக்கு நேரே பிடித்துக் காம்பைச் சுழற்றி ஒவ்வோர் இலையையும் பார்க்கும் அந்த விரல்கள் நடுங்குவதே இல்லை அப்பா. டீ குடிக்கும்போது நடுங்கும், இலை பிடிக்கும்போது நடுங்காது.

இது தேயிலை வேலை முடிகிற சமயமும்கூட. 'அவா பஞ்சா' என்று இந்தப் பக்கத்துத் தேநீர். கொழுந்தாகப் பறிக்காமல், கோடையில் நன்றாக முற்றவிட்டு இலையை உருவி, வேகவைத்து, தேய்த்து, மரத்தொட்டியில் இறுக்கி மேலே கல் ஏற்றி ஊறவைப்பார்கள். தயிர் புளிக்கிற மாதிரியான புளிப்புத்தான். அப்புறம் பாயில் பரப்பி வெயிலில் காயவைப்பார்கள். ஊர் முழுக்க அந்த வாசனை. இதைச் செய்யும் முறையை 2021-ல் தேசிய அளவில் முக்கியமான நாட்டார் பண்பாட்டுச் சொத்தாக அறிவித்திருக்கிறார்கள். ஒரு பொட்டலம் எடுத்து வைத்திருக்கிறேன். அம்மாவுக்குப் பால் ஊற்றாமல் பிடிக்குமா என்றுதான் யோசனை.

நல்லதை மட்டும் எழுதினால் உங்களிடம் பொய் சொன்ன மாதிரி ஆகிவிடும். எங்கள் மேட்டில் இருக்கும் ஒன்பது வீடுகளில் நாலு பூட்டிக் கிடக்கின்றன. ஒரு வீட்டு வாசலில் மூங்கில் முளைத்துவிட்டது. குப்பை நிலையத்தில் 'எரித்தே ஆக வேண்டியவை' என்று ஒரு பெட்டி இருக்கிறது அல்லவா, அதை நிரப்புவதில் எங்களுக்கும் பங்கு உண்டு. பராமரிப்பு நிலையத்தில் முதியவர்களுக்குப் போடும் நாப்கின்களை மறுசுழற்சி செய்ய வழியில்லை. கட்டி வைக்கும்போதெல்லாம் மனசு என்னவோ செய்யும். ஆனால் அவர்கள் உடம்பு உலர்ந்து சுத்தமாக இருப்பதுதான் முதலில். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கார் ஓட்ட முடியாதவர்கள் வீட்டுக்கு மட்டும் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஆள் வந்து குப்பையை எடுத்துப்போகிறார்கள். பாட்டியும் இந்த வருஷம் லைசென்ஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். வண்டி வரும்வரை காத்திருக்க வேண்டாம், ஜன்னலையும் பார்க்க வேண்டுமே என்று சனிக்கிழமைகளில் என் காரில் கூட்டிப்போகிறேன். தன் பையை மடியில் வைத்துக்கொண்டு, வழியெல்லாம் எந்த மரம் யார் நட்டது என்று சொல்லிக்கொண்டே வருவார்.

என்னுடைய விசாவை நீட்டிக்க இந்த மாதம் விண்ணப்பம் போடப்போகிறேன். அம்மாவிடம் நீங்களே மெதுவாகச் சொல்லுங்கள். ஏப்ரலில் கட்டாயம் வருவேன்.

அடுத்த பார்சலுக்கு அந்தப் பழுப்பு டேப் வேண்டாம் அப்பா. தபாலில் வாங்கிக்கொண்டால் சணல் கயிறு போதும். துணி மட்டும் கொஞ்சம் பெரிதாக வைத்துத் தைக்கச் சொல்லுங்கள், பாட்டி இலைக்கூடைக்கு உறை தைக்க வேண்டும் என்கிறார்.

உங்கள் அன்பு மகள்,
கலா