பட்டாம்பூச்சிக் கை

மணிலா,
ஞாயிறு மாலை

அன்புள்ள மல்லிகா,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. சோம்பலால் தாமதிக்கவில்லை. "அழகிப் போட்டியில் பிலிப்பைன்ஸ் பெண்கள் போடும் உடையில் அந்தப் பட்டாம்பூச்சிக் கை எப்படித்தான் நிமிர்ந்து நிற்கிறது? என் வாடிக்கையாளர் மகளுக்கு அப்படி ஒன்று தைக்க வேண்டும்" என்று கேட்டிருந்தாய் அல்லவா, நானே ஒன்று தைத்துப் பார்த்துவிட்டு எழுதலாம் என்று உட்கார்ந்தேன். அது நிற்கவில்லை. அதுதான் விஷயம்.

இங்கே ஆகஸ்ட் முழுக்கத் தேசிய மொழி மாதம். பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகள் பாரம்பரிய உடையில் போவார்கள். வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம் என்றாள் மகள். நாற்பது வருஷம் ஊசி பிடித்தவள் வீட்டில் இருக்கும்போது வாடகைத் துணியா என்று எனக்கு வீம்பு. திவிசோரியா சந்தைக்குப் போய் ஆர்கன்சா என்கிற மெல்லிய துணியும், விறைப்புக்கு உள்ளே வைக்கும் பக்ரமும் வாங்கி வந்து, நம் பஃப் கை நினைப்பிலேயே வெட்டினேன். காலை ஏழு மணிக்கு ஜம்மென்று இருந்தது. பத்து மணிக்குப் பேத்தி மேடை ஏறியபோது நமுத்துப்போன அப்பளம் மாதிரி இரண்டு பக்கமும் தொங்கியது. அவள் அழவில்லை. வீட்டுக்கு வந்து, "பாட்டி, என் பட்டாம்பூச்சிக்கு உடம்பு சரியில்லை" என்று மட்டும் சொன்னாள்.

எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் துணி திருத்திக் கொடுக்கும் ஓர் அம்மா இருக்கிறார். அவரிடம் கொண்டு போனேன். சிரித்துக்கொண்டே முழுவதையும் பிரித்துவிட்டார். பஃப் கை உருண்டை. இது உருண்டை இல்லை, தட்டையான சிறகு. முன்னாலிருந்து பார்த்தால் அகலம், பக்கவாட்டில் பார்த்தால் ஒரு தடித்த அட்டை அளவுதான். உள்ளே விறைப்பான வலைத்துணி வைத்து, மடிப்புகளைக் கைக்குழியில் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிய வைத்து, மேல் விளிம்பைத் தோளுக்கு மேலே எழும்பும்படி தைக்க வேண்டும். பாரத்தைத் தாங்குவது கை இல்லை, உடல் பாகம். அது இறுக்கமாகப் பொருந்தாவிட்டால் நீ எத்தனை பக்ரம் வைத்தாலும் சிறகு சாயும்.

இந்த உடைக்கு டெர்னோ என்று பெயர். ஸ்பானிய மொழியில் ஒன்றோடொன்று பொருந்துவது என்று அர்த்தம், நாம் 'செட்' என்கிறோமே அதுபோல. ஆரம்பத்தில் இருந்தது பாரோவும் சாயாவும். அதாவது மேல்சட்டையும் பாவாடையும். (சாயா என்றதும் டீக்கடை நினைவுக்கு வந்தால் நீ இன்னும் மாறவில்லை என்று அர்த்தம்.) பாவாடைக்கு மேல் தாபிஸ் என்று ஒரு சுற்றுத் துணி, தோளைச் சுற்றிக் கஞ்சி போட்ட பன்யுவேலோ என்கிற முக்கோணச் சால்வை. ஆக நான்கு உருப்படி. அகன்று தொங்கிய கை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மெல்ல மெல்லக் குறுகித் தோளோடு ஏறி, சிறகாக நின்றது. பன்யுவேலோவைக் கழற்றிவிட்டு எல்லாவற்றையும் ஒரே கவுனாக்கியவர் என்று ரமோன் வலேராவைச் சொல்கிறார்கள். தையல் கலைக்காகவே 2006-ல் அவருக்கு 'தேசியக் கலைஞர்' பட்டம் கொடுத்தது இந்த நாடு. ஒரு தையல்காரருக்கு மல்லிகா! படித்ததும் உன் ஞாபகம்தான் வந்தது. அன்றைய அதிபர் மார்கோஸின் மனைவி இமெல்டா எந்நேரமும் டெர்னோவிலேயே வலம் வந்ததால், 1986-ல் அந்த ஆட்சி போனபோது உடைக்கும் கொஞ்சம் கெட்ட பெயர் ஒட்டிக்கொண்டது. இப்போது மறுபடி எல்லாரும் போடுகிறார்கள்.

சரி, அழகிப் போட்டிக்கு வருகிறேன். இங்கே அது டிவி நிகழ்ச்சி இல்லை, ஊர்த் திருவிழா. மே மாதம் சாந்தாக்ருசான் ஊர்வலத்தில் தெருவுக்குத் தெரு பெண்கள் பூ வளைவின் கீழ் கவுனோடு நடப்பார்கள். மணிலா கார்னிவல் ராணியைத் தேர்ந்தெடுத்தது 1908-லேயே. முதல் பட்டம் பெற்ற பூரா வில்யானுவேவா பத்திரிகையில் எழுதியவர், பெண்களுக்கு ஓட்டுரிமை கேட்டுப் போராடியவர். நம் சுஷ்மிதா சென் 1994-ல் மிஸ் யுனிவர்ஸ் ஆனது இந்த மணிலாவில்தான். அதே மேடையில் சிறந்த தேசிய உடைக்கான பரிசு உள்ளூர்ப் பெண் சார்லீன் கொன்சாலஸுக்கு.

தேசிய உடைச் சுற்று என்பது ஒரு விசித்திரமான சோதனை. ஒரு பெண் நடந்து வந்து திரும்பிப் போக அரை நிமிடம்கூட ஆகாது. அதற்குள் ஒரு நாடே கண்ணில் பட வேண்டும். அதனால் எல்லாம் பெரிதாகிவிடுகிறது. 2018-ல் பாங்காக்கில் நடந்த மிஸ் யுனிவர்ஸில் பிலிப்பைன்ஸின் கேட்ரியோனா கிரே போட்ட உடையைப் பார்த்திருப்பாய். லூசோன், விசாயாஸ், மிண்டனாவோ என்ற மூன்று தீவுக் கூட்டங்களையும் சேர்த்து 'லூஸ்விமிண்டா' என்று பெயர் வைத்திருந்தார் வடிவமைத்த ஜியர்சன் டெமாவிவாஸ். உடம்பில் விசாயாஸ் மக்களின் பழைய பச்சைக்குத்துக் கோலம். பின்னால் பரோல் என்கிற கிறிஸ்துமஸ் நட்சத்திர விளக்கு, ஆளைவிடப் பெரியது, எரிந்துகொண்டு. அதை அந்தப் பெண் இழுத்துக்கொண்டே நடந்தார். எனக்கு மூச்சு முட்டியது. தேசிய உடைப் பரிசு லாவோஸுக்குப் போனது, கிரீடம் கேட்ரியோனாவுக்கு வந்தது. அடுத்த வருஷம் இந்த நாட்டின் காஸினி கனாடோஸ், கேரி சாண்டியாகோ தைத்த கழுகு உடையில் தேசிய உடைப் பரிசையும் வாங்கிவிட்டார்.

ஆனால் என் கண்ணில் நின்றது அந்த விளக்கு இல்லை, இறுதிச் சுற்றில் கேட்ரியோனா அணிந்த சிவப்புக் கவுன். மாக் துமாங் தைத்தது. மாயோன் எரிமலையின் நெருப்புக் குழம்பு அப்படியே கால்வரை வழிகிறது. சிறகு இல்லை, விளக்கு இல்லை, ஆனாலும் மலை தெரிந்தது. 2023-ல் அதே போட்டியில் இந்த நாட்டுக்காக மிஷெல் டீ போட்ட கறுப்புக் கவுனும் அப்படித்தான். கலிங்கா மலையில் புஸ்கலான் கிராமத்தில் பச்சை குத்தும் வாங்-ஓட் பாட்டியை வைத்து மார்க் பம்கார்னர் செய்தது. நூறு வயதைத் தாண்டிய அந்தப் பாட்டி அதே வருஷம் ஏப்ரலில் வோக் ஃபேஷன் பத்திரிகையின் பிலிப்பைன்ஸ் பதிப்பு அட்டையில் வந்தார். 'தேசிய உடை' என்று பெயர் போட்டுக்கொண்டு வந்தவற்றைவிட, சும்மா இரவு கவுன் என்று வந்த இந்த இரண்டில்தான் ஊர் அதிகம் இருந்தது என்பது என் கட்சி. நீ மறுக்கலாம்.

இங்கே மேடையில் காட்டுவது ஒரு துணி, ஊரில் நெய்வது வேறு துணி. போன வருஷம் போராக்காய் தீவுக்குப் போகிற வழியில் கலிபோவில் இறங்கி, பின்யா நெய்கிற இடத்துக்குப் போனேன். அன்னாசி இலை நார், மல்லிகா. இலையை உடைந்த பீங்கான் தட்டின் விளிம்பால் சுரண்டி முதலில் முரட்டு நாரை எடுக்கிறார்கள், பிறகு தேங்காய்ச் சிரட்டையால் சுரண்டி மெல்லிய நாரை. தலைமுடி போன்ற அந்த இழைகளைக் கையால் ஒவ்வொன்றாக முடிச்சுப் போட்டு நூலாக்குகிறார்கள். நம் அனகாபுத்தூரில் வாழைநாரில் புடவை நெய்கிறவர்கள் இதைப் பார்த்தால் அரை நாள் பேசிக்கொண்டிருப்பார்கள். 2023-ல் யுனெஸ்கோ இந்த நெசவைத் தன் பட்டியலில் சேர்த்தது. அந்தத் துணியை விரலில் வைத்தால் எடையே தெரியாது. மேடை விளக்கில் அதுவும் தெரியாது. அதனால்தான் மேடைக்குக் கண்ணாடி மணியும் ஜிகினாவும் போகின்றன.

தினாலக் என்கிற துணி இன்னும் சிக்கல். தெற்கே லேக் செபுவில் திபோலி மக்கள் நெய்வது. அபாகா நார், அதுவும் ஒரு வாழை இனம்தான். நெய்யுமுன்பே நாரை முடிச்சுக் கட்டிச் சாயம் ஏற்றுவார்கள், போச்சம்பள்ளிப் புடவைக்குச் செய்வது போல. கறுப்பு இலையிலிருந்து, சிவப்பு வேரிலிருந்து, வெள்ளை நாரின் சொந்த நிறம். கோலத்தை யாரும் காகிதத்தில் வரைவதில்லை. அபாகாவின் தெய்வமான ஃபூ டாலு கனவில் காட்டுவதுதான் கோலம். லாங் டுலாய் என்ற பாட்டிக்கு நூறு கோலம் மனப்பாடம். 1998-ல் அரசின் உயரிய கைவினை விருது பெற்றார், 2015-ல் காலமானார். அந்தத் துணியை வெட்டினால் நோய் வரும் என்பது அவர்கள் நம்பிக்கை. விற்கும்போதுகூடத் தெய்வம் கோபிக்காமல் இருக்கப் பித்தளை வளையம் ஒன்றைக் கட்டிக் கொடுப்பார்கள். வெட்டக் கூடாத துணியை எடுத்து ஒன்றரை முழம் மார்புக் கச்சையாக வெட்டி, 'பழங்குடிப் பாரம்பரியம்' என்று அறிவிப்பது எனக்கு ஒப்பவில்லை. கேட்ரியோனாவின் அம்மாவுக்கும் மகள் சிவப்பு உடையில் ஜெயிப்பதாகக் கனவு வந்ததாம். அது நல்ல கதை. ஆனால் லாங் டுலாயின் கனவு வேறு வகை. அதை எடுப்பவர் கேட்டு எடுக்க வேண்டும்.

இன்னொன்று சொல்லியே ஆக வேண்டும். 2024-ல் மெக்சிகோவில் நடந்த மிஸ் யுனிவர்ஸில் இந்த நாட்டின் செல்சி மனாலோ போட்ட 'ஹிராயா' உடை, மணிலாவுக்கும் மெக்சிகோவின் அகபுல்கோ துறைமுகத்துக்கும் இடையே 1565 முதல் 1815 வரை ஓடிய கப்பல்களைச் சொன்னது. அந்தக் கப்பல்களில் போன சரக்கில் நம் சோழமண்டலக் கரைப் பருத்தித் துணியும் உண்டு. சென்னையில் அடையாற்றின்மேல் பழைய மர்மலாங் பாலத்தைக் கட்டிக்கொடுத்த ஆர்மேனிய வணிகர் பெட்ரஸ் உஸ்கான் மணிலா வியாபாரத்தில் சம்பாதித்தவர். சைதாப்பேட்டையில் பஸ்ஸில் பாலம் தாண்டும்போது இனி நினைத்துக்கொள்.

நானும் ஏமாந்தேன், அதையும் கேள். ஒரு கடையில் "அசல் பின்யா" என்று சால்வை வாங்கினேன். வீட்டில் ஓர் இழையை உருவித் தீக்குச்சியில் காட்டினேன். காகிதம் மாதிரி எரிந்து சாம்பலாகாமல், உருகி மணியாகத் திரண்டது. பாலியெஸ்டர்! அந்தச் சால்வைதான் இப்போது தையல் மிஷின் மேல் போர்த்தியிருக்கிறது.

உன் வாடிக்கையாளர் மகளுக்குக் கல்லூரி மேடைக்குத்தானே? இறகு, விளக்கு, பச்சைக்குத்துக் கோலம் எதுவும் ஒட்டாதே என்று சொல். ஒரே நிறத்தில் டெர்னோ போதும். காஞ்சிப் பட்டு கனம், சிறகு தாங்காது, மஸ்லின் வழியும். சந்தேரித் துணி எடு. கை பேட்டர்னைச் செய்தித்தாளில் வெட்டி இத்துடன் வைத்திருக்கிறேன். மடிப்புக் கோடு சிவப்புப் பேனாவில், தோளுக்கு மேல் எழும்ப வேண்டிய அளவு நீலத்தில். வலது, இடது என்று எழுதியிருக்கிறேன், மாற்றி வைத்துவிடாதே. நான் அதையும் ஒரு தடவை செய்தேன்.

முழங்கால் வலி எப்படி இருக்கிறது? கால் மிஷினை விட்டுவிட்டு மோட்டார் வைத்துக்கொள் என்று எத்தனை தடவை சொல்வது.

உன்,
சாந்தி